பித்தளைக் கோதுக்குள் எட்டிப் பார்க்க ஒரு புறக்கோட்டைக் கமெரா

முதலாம் குறுக்குத் தெருவில் போன் சாமான் விற்கும் கடைகளில், வயர் நுனியில் லென்ஸ் வைத்த எண்டோஸ்கோப் கமெரா கிடைக்கிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கோதை மறுபடி நிரப்பிப் பாவிக்க அனுமதியுள்ள சுடுதல் கழகத்தாருக்கு, கோதின் உட்புறத்தைப் பார்க்க இது உதவும். ஆனால் 5.5 மி.மீ. தடிப்பான நுனி வேண்டாம், 3.9 மி.மீ. வாங்குங்கள்.

.308 என்ற றைபிள் தோட்டா வகையின் கோதில், குண்டு இருக்கும் கழுத்து உள்ளே ஏறக்குறைய 7.8 மி.மீ. அதில் 5.5 நுழையும், பக்கவாட்டில் பார்க்க உதவும் பக்கக் கண்ணாடி மாட்டினால் இறுகும். அதைவிடச் சிறிய .223இன் கழுத்து 5.6 தான், வெறும் கமெராவே உரசும்.

பார்க்க வேண்டியது அடியிலிருந்து 6–8 மி.மீ. உயரத்தில், தடித்த அடிப்பாகம் மெல்லிய சுவராக மாறும் இடம். சுடும்போது கோதின் முன்பகுதி, துப்பாக்கியில் தோட்டா இருக்கும் அறையின் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடி அறையைப் பின்னால் மூடும் போல்ட் வரை பின்னே போகிறது. இடையிலுள்ள பித்தளை இழுபடுகிறது. கோதைப் பழைய அளவுக்கு அழுத்தும்போது டை என்ற அச்சு, கழுத்துக்குக் கீழுள்ள சரிவான தோளை மிஞ்சித் தள்ளிவிட்டால் ஒவ்வொரு சூட்டிலும் இந்த இழுவை கூடும். போல்ட் றைபிளுக்குத் தோளை 0.03–0.05 மி.மீ. தள்ளினாலே போதும், அதற்கு மேல் வேண்டாம். உள்ளே வளையமாகப் பள்ளம் விழுந்த கோது அடி கழன்று, சூடான வாயுவைச் சுடுபவர் முகத்தை நோக்கி விடக்கூடும். வெளியே தெரியும் பளபளப்பான கோட்டை மட்டும் நம்பாதீர்கள், டை உரசினாலும் அது வரும்.

கமெராவின் குறை குவியம். பக்கக் கண்ணாடியில் சுவர் மிகக் கிட்ட இருப்பதால் மலிவான லென்ஸில் படம் மங்கும். கண்ணாடியைக் கழற்றி, நுனியை அடிக்கு 2 செ.மீ. மேலே நிறுத்திச் சரிவாகப் பாருங்கள். எல்ஈடி வெளிச்சத்தை ஆகக் குறையுங்கள். கூடினால் பித்தளை கண்ணைக் கூசும், பள்ளத்தின் நிழல் மறைந்துவிடும்.

ஆழத்தை இது அளக்காது. அதற்குப் பேப்பர் கிளிப்பே மேல். நுனியை 2 மி.மீ. செங்குத்தாக வளைத்து, கூராக்கி, அடியிலிருந்து மேலே சுவரோடு இழுங்கள். கொக்கி தட்டுப்பட்டால், கமெராவில் கரிப் படிவு போலத் தெரிந்தாலும் அந்தக் கோதைக் கழியுங்கள்.

கழுத்து வெடிப்புக்கும் அடியில் தீப்பொறி தரும் பிறைமர் இருக்கும் குழி தளர்ந்ததற்கும் கண்ணும் விரலும் போதும்.

பார்க்குமுன் கரியைக் கழுவ வேண்டும். அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷ் மட்டும் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்த கோதுகள் தாமாகவே பிளந்தன. காரணம் குதிரைச் சிறுநீரின் அமோனியா என்பது 1921இல் தெளிவானது. கொழும்பின் ஈரக் காற்றிலும் இந்த ஆபத்து உண்டு.

காசு கொடுக்குமுன் கமெராவை உங்கள் போனில் செருகச் சொல்லி, 2 செ.மீ. தூரத்தில் ஒரு ரூபாய்க் குற்றியின் எழுத்து கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.