கோடைக்குப் பழைய படம்: தியேட்டரா, மல்டிபிளெக்ஸா, மொட்டை மாடியா?

சேலத்தில் மே மாத ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டே வழி. ஏற்காட்டுக்கு வண்டியை விட்டு 20 கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்று ஏறலாம். இல்லாவிட்டால் ஏசி இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடலாம். நான் ரெண்டாவது கட்சி.

இந்தக் கோடையில் எங்கள் பகுதித் தியேட்டரில் ஆறு ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய படங்கள் போட்டார்கள். ஊர்ப்பாசம் போலிருக்கிறது, பாதிக்கு மேல் சேலத்து ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்கள். அதே சமயம் ஒரு மல்டிபிளெக்ஸிலும் பழைய படம் ஓடியது. மூன்றாவதாக, மச்சானின் புரொஜக்டர் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்திருந்தது. மூன்றிலும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

டிக்கெட் விலை, பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் உங்களுக்கே தெரியும். தியேட்டர் மலிவு, சீட் சுமார். மல்டிபிளெக்ஸில் சீட் சொகுசு, பர்ஸுக்கு அடி. வெளியே வந்ததும் தட்டுவடை செட் கிடைப்பது தியேட்டர் வாசலில் மட்டும்தான். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை (கொஞ்சம் சேர்த்தேன்).

எனக்கு முடிவு சொன்னது படத்தின் சட்டம், அதாவது ஃப்ரேம். 1973இல் ராஜராஜ சோழன் வரும்வரை தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படம் கிடையாது. அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரம். உயரம் ஒரு அடி என்றால் அகலம் 1.37 அடி. இன்றைய ஸ்கோப் திரையில் அதே ஒரு அடிக்கு அகலம் 2.39. திரையை முழுதாக நிரப்பியே தீருவேன் என்று பழைய படத்தைப் பெரிதாக்கினால் மேலும் கீழுமாக உயரத்தில் பத்தில் நாலு பங்கு காணாமல் போகும். பக்கவாட்டில் இழுத்தாலோ கதாநாயகி உரல் மாதிரி ஆகிவிடுவார்.

மல்டிபிளெக்ஸில் எனக்கு நடந்தது முதல் ரகம். நெருக்கத்தில் வருகிற எல்லோருக்கும் நெற்றி இல்லை. வெளியே போய்ச் சொன்னேன். "செட்டிங் அப்படித்தான் வச்சிருக்காங்க சார், நாங்க மாத்த முடியாது" என்றார் வாசலில் நின்ற பையன். அவர் மேல் தப்பில்லை.

தியேட்டரிலும் முதல் வாரம் இதே கோளாறுதான். ஆனால் இங்கே படியேறி ஆபரேட்டரிடமே சொல்ல முடிந்தது. "அண்ணே, தலை வெட்டுதுங்க." அவர் சின்ன ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அட ஆமா தம்பி, நேத்து ராத்திரி ஷோ ஸ்கோப்பு, அப்படியே விட்டுட்டேன்." லென்ஸ் நகர்ந்தது, படம் சுருங்கியது, ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி மெல்ல உள்ளே வந்து படத்தின் ஓரத்தில் நின்றது. பின் வரிசைப் பெரியவர்கள் விசிலடித்தார்கள்.

மந்திரி குமாரிக்கு (1950) இது உயிர் போகிற விஷயம். கணவன் மனைவியை மலை உச்சிக்குப் பாட்டுப் பாடி அழைத்துப்போகிற காட்சி. தள்ளப்போவது அவன் என்று நினைத்திருக்கும்போது, சுற்றி வந்து கும்பிடுவதாகச் சொல்லி அவள் தள்ளிவிடுவாள். மேலே வானமும் கீழே பள்ளமும் தெரிந்தால்தான் வயிறு கலங்கும். ரெண்டையும் வெட்டிவிட்டால் ஏதோ திண்ணையிலிருந்து விழுந்த மாதிரி இருக்கும்.

மொட்டை மாடியில் இந்தத் தொல்லை இல்லை. சட்டத்தை நாமே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டுகிறது, தெருவிளக்கு சுவரில் விழுகிறது, காற்றடித்தால் திரையாகக் கட்டிய வேட்டியில் எம்.ஜி.ஆர். நெளிகிறார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) அதில் வெளுத்த காப்பி நிறத்தில் தெரிந்தது. குறை புரொஜக்டருடையதா, நான் டவுன்லோட் செய்த பிரதியுடையதா என்று சொல்லத் தெரியவில்லை. ரெண்டே படம்தான் பார்த்தேன். நல்ல திரை வாங்கினால் கதை மாறலாம். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு மாடியே வசதி, பாதியில் தூங்கினால் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம்.

மல்டிபிளெக்ஸை ஒரே காட்சியை வைத்து ஒதுக்குவது நியாயமில்லைதான். வேறு திரையில் ஒழுங்காகப் போட்டிருக்கலாம். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத இடத்தில் மறுபடி பணம் கட்ட மனசு வரவில்லை.

ஆறு வாரமும் தியேட்டருக்கே போனேன். நாலாவது வாரம் ஆபரேட்டர் அண்ணன் லீவு, மாற்று ஆள் வந்திருந்தார். அன்றைக்கும் படியேற வேண்டியிருந்தது.