தொட்டுப் பார்ப்பதா, ஸ்கேன் எடுப்பதா?

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளின் கழுத்தில் முன்பக்கம் இருக்கும் தைரொயிட் சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு.

தொட்டுப் பார்க்கக் கரண்ட் வேண்டாம், லயத்து வாசலிலேயே முடிந்துவிடும். எச்சில் விழுங்கச் சொன்னால் சுரப்பி மேலேறி இறங்கும். அதன் ஒரு பக்க மடல், பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடப் பெரிதாயிருந்தால் வீக்கம். பிள்ளையின் விரல், பார்ப்பவரின் விரலை வைத்து அளந்தால் கணக்கே போச்சு. கைக்கு மட்டும் தட்டுப்பட்டால் 1ஆம் தரம், கழுத்தை நேராக வைத்திருக்கும்போதே கண்ணுக்குத் தெரிந்தால் 2ஆம் தரம். சிக்கல் சின்ன வீக்கத்தில்தான்: ஒருவர் இருக்கிறது என்பார், அடுத்தவர் இல்லை என்பார்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அந்த இழுபறி குறைவு. மடலின் நீளம், அகலம், தடிப்பை சென்ரிமீற்றரில் பெருக்கி, 0.479ஆல் மறுபடி பெருக்கினால் கனஅளவு மில்லிலீற்றரில் கிடைக்கும். இரண்டு மடலையும் கூட்டி, பிள்ளையின் வயதுக்கும் உடல் பரப்பளவுக்கும் உரிய அளவோடு ஒப்பிடலாம். கட்டி இருந்தாலும் தெரியும். ஆனால் மெஷினும் பழகிய கையும் மலையேறி வர வேண்டுமே!

அயடீன் குறைந்தால் இந்தச் சுரப்பி வீங்கும்; இலங்கையில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். அயடீன் கிடைக்கும் இடத்தில் வரும் வீக்கம் பெரும்பாலும் சின்னதுதான்; அதனால் என் ஓட்டு ஸ்கேனுக்கே. சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) பார்க்க வேண்டும்.