தொட்டால் கிரேக்கம் காட்டும் பைபிள் ஆப்: மூன்று ஸ்டார்தான்

பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் பாதிக்கு மேல் திட்டத்தான் போகிறேன். ஒரே வசனத்தைப் பல மொழிபெயர்ப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஆப் இது. தமிழில் பவர் ஐயரின் 1871 பழைய மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில் பழைய கிங் ஜேம்ஸ், இருபதாம் நூற்றாண்டின் ஆர்.எஸ்.வி., அதன் திருத்தமான என்.ஆர்.எஸ்.வி., ஜெர்மனில் மார்ட்டின் லூத்தரின் மொழிபெயர்ப்பு. சொல்லைத் தொட்டால் மூலமொழிச் சொல்லும், அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்பதும் கீழே வந்துவிடும்.

வாங்கக் காரணம் வீட்டுச் சண்டை. சித்தப்பா மகன் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டான். பெரியப்பா ரெக்ஸின் அட்டை போட்ட தன் பைபிளைத் திறந்து 1 கொரிந்தியர் 6:9-ஐச் சத்தமாக வாசித்தார். "வசனம் பச்சையா இருக்குல்லா, இதுல பேச என்னல இருக்கு?" என்றார். அன்று ராத்திரி ஒரு மாதச் சந்தா கட்டினேன்.

அந்த வசனத்தில், தேவனுடைய ராஜ்யத்தில் இடமில்லாதவர்களின் பட்டியலில், "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இருக்கிறது. முதல் சொல்லைத் தொட்டேன். கிரேக்கத்தில் 'மலக்கோய்'. புதிய ஏற்பாட்டில் வேறு எங்கே என்று பார்த்தால் மத்தேயு 11:8-உம் லூக்கா 7:25-உம்: "மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ". அந்த 'மெல்லிய'தான் இது! அதே சொல்லைக் கொரிந்தியரில் நம்மவர்கள் சுயபுணர்ச்சி ஆக்கினார்கள், கிங் ஜேம்ஸில் பெண் தன்மையுள்ளவர் என்று வருகிறது, 1989-இன் என்.ஆர்.எஸ்.வி. ஆண் விபசாரர் என்கிறது. 1946-இல் ஆர்.எஸ்.வி.காரர்கள் இந்தச் சொல்லையும் அடுத்ததையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று ஒரே வார்த்தையாக முடித்துவிட்டு, 1971 திருத்தத்தில் அதை எடுத்தும்விட்டார்கள். பச்சையாக இருக்கிறதாம்!

இரண்டாம் சொல் அவ்வளவு சுலபமில்லை. 'ஆர்செனோகோயிட்டாய்' இங்கேயும் 1 தீமோத்தேயு 1:10-இலும் மட்டும்தான் வருகிறது. லூத்தர் அதைச் சிறுவர்களைக் கெடுப்பவர் என்று எழுதினார். லேவியராகமம் 20:13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஆண்', 'படுக்கை' என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன, கொரிந்தியருக்கு எழுதிய பவுல் அங்கிருந்துதான் இதை ஒட்டிச் செய்தார் என்று பழைய அர்த்தத்தைப் பிடித்திருப்பவர்கள் சொல்கிறார்கள், அதைச் சும்மா ஊதித் தள்ள முடியாது. தீமோத்தேயுவில் இதற்கு அடுத்தாற்போல "மனுஷரைத் திருடுகிறவர்கள்" வருவதால் ஆளைச் சுரண்டுகிறவர்களைப் பற்றிய பேச்சு இது என்பது மற்றவர்கள் வாதம். என் மனசு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது.

இவ்வளவையும் கண்டுபிடிக்க விட்ட ஆப்பே, 'விளக்கவுரை' பொத்தானை அழுத்தினால் என்ன செய்கிறது தெரியுமா? மூன்று வரி. ஓரினச்சேர்க்கை பாவம், முடிந்தது. யார் எழுதினார்கள் என்றுகூடப் போடவில்லை. பழைய அர்த்தத்தையே சொல்லட்டும், தப்பில்லை, ஆனால் மேலே ஐந்து கட்டத்தில் ஐந்து விதமாகக் காட்டிவிட்டு, கீழே அப்படி ஒரு தகராறே இல்லாத மாதிரி நடந்துகொள்வதற்குத்தான் ஒரு ஸ்டார் போச்சு.

இன்னொரு ஸ்டார் தேடலுக்கு. இதே சண்டையில் எல்லாரும் எடுக்கிற ரோமர் 1:26-இல் "சுபாவத்துக்கு விரோதமான" என்று வருகிறதே, அது வேறு எங்கே வருகிறது என்று அதே எழுத்துகளைப் போட்டுத் தேடினேன், வேறு எதுவும் வரவில்லை. அப்புறம் கிரேக்கச் சொல்லைத் தொட்டதும் ரோமர் 11:24 வந்தது. அங்கே "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று இருக்கிறது, 'த்துக்கு', 'த்திற்கு' ஆனதற்கே ஆப் கையை விரித்துவிட்டது. வந்த வசனமோ, காட்டொலிவ மரத்தின் கிளையைத் தேவன் நல்ல மரத்தில் ஒட்டவைப்பது! அதே நிருபத்தில், அதே கிரேக்கச் சொற்களால், தேவன் செய்கிற காரியம். இதைத் தேடலில் காட்டாத ஆப்பை என்ன சொல்ல?

பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தேன். சோதோம் பட்டணம் அழிந்ததே இந்தப் பாவத்தால்தான் என்று சொல்வார்களே, அதற்காக எசேக்கியேல் 16:49-ஐ எடுத்துக் காட்டினேன். சோதோமின் அக்கிரமம் கெர்வமும் ஆகாரத்திரட்சியும், எளியவனுடைய கையைப் பலப்படுத்தாததும் என்று அங்கே எழுதியிருக்கிறது. இரண்டு தடவை வாசித்தார். "அடுத்த வசனத்துல அருவருப்புன்னும் போட்டிருக்குல்லா" என்றார், போட்டிருக்கிறது. ஆணோடு ஆண் படுக்கக்கூடாது என்கிற லேவியராகமம் 18:22-க்குப் போனார். அங்கே தமிழும் ஆங்கிலமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஆப்பால் எனக்கு ஒரு உதவியும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் கலப்பு நூல் துணியும் கூடாது என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன். "நான் கட்டியிருக்கது காட்டன் வேட்டிலே" என்றார். சித்தி சிரித்துவிட்டாள்.

இலவசப் பகுதியில் தமிழும் கிங் ஜேம்ஸும் மட்டும்தான். சொல்லைத் தொட்டுப் பார்ப்பது சந்தாவில்தான் வருகிறது, அதனால் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள், வருடச் சந்தா வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஜெர்மன் கட்டம் காணாமல் போகிறது, போனைப் படுக்கவைத்தால் திரும்பி வருகிறது. பெரியப்பா போனிலும் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், விளக்கவுரையை அணைத்து.