வில்லோடு மூன்றாம் சுற்று

ஜப்பானின் சுஷிமா தீவில் மங்கோலியப் படையெடுப்பின்போது நடக்கும் கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்ற வீடியோ கேம் 2020 ஜூலையில் வெளிவந்தபோதே பிளேஸ்டேஷன் 4இல் விளையாடத் தொடங்கிவிட்டேன். கதையை மூன்று முறை முடித்தாயிற்று. இன்றும் வார இறுதியில் கொஞ்ச நேரமாவது அந்தத் தீவில் குதிரை ஓட்டாமல் இருப்பதில்லை.

முதல் சுற்றில் எனக்கு எல்லாமே வாள்தான். கேடயக்காரனுக்கு ஒரு வாள்வீச்சு நிலை, ஈட்டிக்காரனுக்கு வேறொரு நிலை என்று மாற்றி மாற்றி வெட்டுவது கைக்குப் பழகச் சில நாட்கள் பிடித்தன. பழகிய பின் விட மனம் வரவில்லை. திரை ஓரத்தில் வரைபடம் கிடையாது. காற்றுதான் வழிகாட்டி. நாணல் சாயும் திசையில் போனால் போதும். இது இன்றுவரை சலிக்கவில்லை. நரியின் பின்னால் ஓடி இனாரி தெய்வத்தின் சன்னதியைத் தேடும் வேலைதான் பத்துப் பதினைந்து நரிகளுக்குள் அலுத்துவிட்டது.

இரண்டாம் சுற்று முடிந்ததும் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். அங்கே ஆரம்பித்தது வினை. 1274இல் மங்கோலியப் படை சுஷிமாவின் கொமோதா கடற்கரையில் இறங்கியபோது, தீவின் தலைவர் சோ சுகெகுனி சுமார் 80 குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று மடிந்தார். விளையாட்டின் தொடக்கக் காட்சிக்கு வித்து அதுதான். ஆனால் கதைநாயகன் ஜின் சகாயைப் போல் எவரும் பிழைத்து வந்து தீவை மீட்கவில்லை. வந்தவர்கள் அடுத்திருந்த இகி தீவையும் சூறையாடிவிட்டு, கியூஷு தீவின் ஹகாட்டா விரிகுடாவுக்குப் போனார்கள்.

மானம், மரபு என்று ஜின்னின் மாமா ஷிமுரா பேசும்போதெல்லாம் அதே போரில் சண்டையிட்ட தகெசாகி சுயெனாகா என்ற சாமுராய் எனக்கு நினைவுக்கு வருகிறார். ஹகாட்டாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு முன்னே பாய்ந்து காயப்பட்டவர். தன் வீரம் மேலிடத்துக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும், மறு ஆண்டு ஆட்சித் தலைமையகமான கமாகுரா வரை நேரில் போய் வாதாடிப் பதவி வாங்கி வந்தார். பிறகு அதையெல்லாம் ஓவியச் சுருளாகவும் வரையச் செய்தார். அவர் குதிரைக்கு முன்னால் வெடிகுண்டு ஒன்று சிதறுவதை அதில் காணலாம். அதே வகை மண் குண்டுகள் தகாஷிமா தீவருகே கடலடியிலும் கிடைத்திருக்கின்றன. ஷிமுராவைவிட இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. அக்காலச் சாமுராயின் முதல் ஆயுதம் வில்; குதிரை மேலிருந்து எய்வதுதான் அவர்கள் கற்ற வித்தை. வாள் அதற்கு அடுத்துத்தான். அதுவும் விளையாட்டில் வரும் கத்தானா அல்ல, அதற்கு முந்தைய வகை நீண்டு வளைந்த வாளான தாச்சி.

எனவே மூன்றாம் சுற்றில் விளையாட்டின் மிகக் கடினமான சவால் அளவைத் தேர்ந்தெடுத்து, முடிந்தவரை குதிரையையும் வில்லையும் மட்டுமே நம்பினேன். திறந்த புல்வெளியில் அற்புதம். முகாமுக்குள் நுழைந்தால் வேலி, கூடாரம், வண்டி என்று குதிரை முட்டிக்கொண்டு நிற்கிறது. அம்பும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

புதிதாக வாங்குவோர் பிளேஸ்டேஷன் 5க்கான விரிவாக்கப்பட்ட டைரக்டர்ஸ் கட் பதிப்பையே வாங்கலாம். அதில் ஜப்பானிய வசனத்துக்கு ஏற்ப உதடுகள் அசைகின்றன; பழைய பதிப்பில் அந்த ஒட்டாத உதடுகளோடு நான் ஓராண்டு குடும்பம் நடத்தினேன். இகி தீவுப் பகுதியும் சேர்ந்தே வருகிறது.

இப்போது இகியில்தான் இருக்கிறேன், வில்லோடு. ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகளில் மட்டும் வில்லைத் தொட விடமாட்டேன் என்கிறது விளையாட்டு. அங்கே முணுமுணுத்துக்கொண்டே வாளை உருவுகிறேன்.