காரைக்குடியில் ஒரு கடிகாரக் கடை: ஐந்து வாரம், 1,800 ரூபாய்

எங்கள் வீட்டு முகப்பில் தொங்கும் சுவர்க் கடிகாரம், ஐயா பர்மாவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. ஜெர்மனியில் செய்தது. போன தை மாதம் நின்றுவிட்டது. இரண்டு கடைகளில் காட்டினேன். ஒருவர், "உள்ள இருக்கிறதத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மெஷின் வெச்சுத் தரேன், 600 ரூபா" என்றார். இன்னொருவர் என்ன விலைக்குத் தருவீர்கள் என்றே கேட்டுவிட்டார். மூன்றாவதாகப் போன கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். பெயர்ப் பலகை கிடையாது. பத்தரைக்கு முன்னால் திறப்பதில்லை, மழை பெய்தால் அன்றைக்கு லீவு. உள்ளே கடைக்காரர் உட்கார்ந்தால் நமக்கு இடமில்லை, வாசல்படிதான். சுவரெல்லாம் கடிகாரங்கள், நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டுகிறது. நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள், வாய் சும்மா இருக்குமா?

"இதுல எதுண்ணே சரியான நேரம்?"

"எல்லாம் ஓடுதுல்ல ஆச்சி. ஓட வைக்கிறதுதான் என் வேலை. மணி வேணும்னா போன்ல பாத்துக்கங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்தால், 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை அவர். நேரம் என்றால் கடிகாரம் காட்டுவது, ஒவ்வொரு கடிகாரமும் தன் நேரத்தைத்தான் அளக்கிறது, உலகம் முழுமைக்கும் பொதுவான 'இப்போது' என்று ஒன்று இல்லை. போனில் இருக்கிற மணியும் நாம் பேசி வைத்துக்கொண்டதுதானே. அது இந்தியா முழுமைக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். போனில் பன்னிரண்டு ஆன பிறகு, காரைக்குடியில் சூரியன் உச்சிக்கு வர சராசரியாகக் கால் மணி நேரம் ஆகும்.

சரி, வேலைக்கு வருகிறேன். பின்பக்கத்தைக் கழற்றி, அச்சு நுழையும் ஓட்டைகளில் கருப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்த எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். "பத்து வருசமா யாரும் கை வைக்கல." கணக்குப் பார்த்தேன், பதினோரு வருடம்.

அந்த எண்ணெய் சொல்வதைத்தான் நான் வகுப்பில் வருடா வருடம் சொல்லித் திண்டாடுகிறேன். பெண்டுலம் ஆடுவதைப் படம் பிடித்துத் தலைகீழாக ஓட்டினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நியூட்டன் விதிகளுக்குக் காலத்தில் முன் எது, பின் எது என்று தெரியாது. அப்படியானால் காலம் ஏன் ஒரே பக்கமாகப் போகிறது? என்ட்ரோபி (ஒழுங்கு குலைவதன் அளவு), அதை விளக்கிய போல்ட்ஸ்மன் என்று போர்டில் எழுதுவேன், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். அந்தப் பெண்டுலத்துக்குப் பதினோரு வருடம் போனது தெரியவே தெரியாது. எண்ணெய்க்குத் தெரிந்திருக்கிறது. முறுக்கின ஸ்பிரிங் தளரத்தான் தளரும், பித்தளை ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகத்தான் ஆகும், தானாகத் திரும்பி வட்டமாகாது. அவர் துடைத்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் காட்டினேன். அன்றைக்குத்தான் பின் பெஞ்சு முதல்முறையாகக் கேள்வி கேட்டது.

அடுத்தது பெண்டுலத் திருகு. எங்கள் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். ஐயா தினமும் காலையில் முள்ளை இரண்டு நிமிடம் தள்ளிவைப்பார், பிறகு அப்பா, பிறகு நான். திருகைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. இவர் பார்த்தவுடன் அந்தத் திருகைத் திருப்பிப் பெண்டுலக் குண்டை ஒரு மயிரிழை மேலே ஏற்றினார். "சீமைக் கடிகாரம் எது வந்தாலும் நான் இதச் செஞ்சிருவேன். குளிர் நாட்டுல அளவு வெச்சது, நம்ம வெயில்ல கம்பி நீண்டுபோகுது."

செய்தது சரி, சொன்ன காரணம் கால்வாசி கூட இல்லை. பித்தளைக் கம்பி 15 டிகிரி கூடுதல் வெப்பத்தில் நீண்டாலும் ஒரு நாளைக்கு 12 விநாடிதான் பின்தங்கும். மீதியெல்லாம் புவியீர்ப்பு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இங்கே ஈர்ப்பு ஜெர்மனியைவிடக் கொஞ்சம் குறைவு, பெண்டுலம் மெதுவாக ஆடும். கணக்குப் போட்டால் நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் வருகிறது. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது இதே கதைதான், இரண்டரை நிமிடம். இதையெல்லாம் வாசல்படியில் நின்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுவா இருந்தா என்ன ஆச்சி, ஏத்தணும்ல?" என்றார்.

குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. 'வெள்ளிக்கிழமை வாங்க' என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஐந்து வாரம் ஆனது, நான்கு முறை அலைந்தேன், ஒருமுறை கடையே பூட்டியிருந்தது. போன் எடுப்பதில்லை. பில் தரமாட்டார். பணம் கையில்தான், ஜிபே இல்லை. மொத்தம் 1,800 ரூபாய், தேய்ந்த ஓட்டைகளுக்குப் புஷ் (சின்ன உலோக வளையம்) போட்டது, எண்ணெய், மணியடிக்கும் சுத்தியல் சரிசெய்தது எல்லாம் சேர்த்து.

மூன்று மாதமாக ஓடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கிறேன், வாரத்துக்கு 20 விநாடி முன்னே பின்னே போகிறது. இதைவிடச் சரியாக வேண்டுமென்றால் அந்தப் பேட்டரி மெஷின்காரரிடமே போங்கள்.

மாடிக்கு மாற்றலாமா என்று ஒரு யோசனை இருந்தது. ஐந்து மீட்டர் உயரம். மேலே போனால் காலம் வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். 2010-ல் அமெரிக்காவில் ஓர் அணுக் கடிகாரத்தை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தியே இதை அளந்துவிட்டார்கள். எங்கள் மாடிக்கு அது வருடத்துக்குச் சுமார் 17 நானோ விநாடி. ஆனால் மேலே ஈர்ப்பு குறைவதால் பெண்டுலமோ வருடத்துக்கு 25 விநாடி பின்தங்கும். காலம் முந்துகிற இடத்தில் கடிகாரம் பிந்துகிறது! முகப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போகிறவர்கள் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். நான் மாட்டினபடியே ஆட்டோவில் கொண்டுபோய், அது தொங்குகிற மெல்லிய எஃகுத் தகட்டை ஒடித்துவிட்டேன். அதற்குத் தனியாக 150 ரூபாய் வாங்கினார்.