ஹீட் மேட்டா, ஹாலோஜன் பல்பா?

லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லியை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் சூடான பக்கத்துத் தரை 32–34 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24–26 இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பான ஹீட் மேட் வெளிச்சம் தராது, இரவிலும் ஓடும். ஆனால் தொட்ட இடம்தான் சுடும். காற்று குளிர்ந்தே கிடக்கும். மேலே மண்ணைத் தடிமனாகப் போட்டால் சூடு அடியில் தேங்கி, தோண்டிப் படுக்கும் பல்லியின் வயிறு வெந்துபோகலாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பாறை நிலங்களில் இந்த உயிருக்குச் சூடு வெயிலிலிருந்தே வருகிறது. ஹாலோஜனும் அப்படித்தான், மேலிருந்து கல்லைக் காயவைக்கும். அதன் அகச்சிவப்புக் கதிர் தோலைத் தாண்டி உள்ளே இறங்கும். என் ஓட்டு ஹாலோஜனுக்கே. இரவில் அணைத்துவிடலாம், அறை 18 டிகிரிக்குக் கீழே இறங்கும் வீடென்றால் வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் சேருங்கள். ஹீட் மேட்டோ ஹாலோஜனோ, எதுவானாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஹாலோஜனுக்கு, பல்பைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வாங்குங்கள், அதன் சென்சாரைப் பல்புக்குக் கீழே உள்ள கல்லின் மேலேயே வையுங்கள்.