டிபிஎஸ் கோளாறு: ஸ்கேனரா, மீட்டரா, நேராகப் புது சென்சாரா?

செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரில் பி0122 என்ற கோளாறு எண் (கோடு) வரும். உடனே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு த்ராட்டில் பொசிஷன் சென்சார் (டிபிஎஸ், அதாவது எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) வாங்கி மாட்டிவிடுவார்கள். பல வண்டிகளில் அடுத்த மழைக்கே அதே லைட் திரும்பவும் எரியும். பி0122 என்ற கோடுக்குப் பொருள், டிபிஎஸ் சர்க்யூட்டிலிருந்து எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவுக்கு வரும் வோல்டேஜ் குறைவு என்பதுதான். சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், வயர், எர்த், இசியு எல்லாமே சேர்த்தி. இதில் எது கெட்டது என்பதைக் கோடு சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனர், மல்டிமீட்டர், ஆஸிலோஸ்கோப் (வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரையும் கருவி), வேறு சென்சாரை மாட்டிப் பார்ப்பது என்று நான்கு வழி உண்டு. கடலோரம் ஓடும் வண்டிக்கு முதலில் மீட்டர், துணைக்கு ஸ்கேனர். வேறு சென்சார் மாட்டுவது கடைசியில்தான்.

பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ போன்ற, ஆக்சிலரேட்டர் மிதி கேபிளால் த்ராட்டிலை இழுக்கும் வண்டிகளில் டிபிஎஸ்ஸுக்கு மூன்று வயர்: இசியு தரும் 5 வோல்ட், எர்த், சிக்னல். உள்ளே ரேடியோ வால்யூம் குமிழில் இருப்பதைப் போல ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் உரசிப் போகும் ஒரு கை. த்ராட்டில் மூடியிருக்கையில் ஏறத்தாழ 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4 முதல் 4.7 வோல்ட். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலில் ஒரே மூடிக்குள் இரண்டு சென்சார், ஒரு மோட்டார், மொத்தம் ஆறு பின். இரண்டில் ஏதாவது ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடிப்பதற்காகவே ஜோடியாக வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2135 வரும், வண்டி வேகம் எடுக்காமல் லிம்ப் மோடுக்கு (மெதுவாக மட்டும் ஓடும் பாதுகாப்பு நிலைக்கு) போய்விடும்.

ஸ்கேனரில் தொடங்குவோம். வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகி போனோடு சேர்க்கும் சின்ன ப்ளூடூத் ஓபிடி அடாப்டரே இதற்குப் போதும். 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்4 (புகை விதி) கார்களில் சிக்கல் இல்லாமல் பேசும். அதற்கு முந்தைய சில வண்டிகளில் இணையவே இணையாது. ஸ்கேனரால் கிடைக்கும் பெரிய லாபம், கூடவே என்னென்ன கோடு வந்திருக்கிறது என்று தெரிவது. பி0122 மட்டும் தனியாக வந்தால் டிபிஎஸ் பக்கம் போகலாம். அதோடு பி0107, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் கோடும் சேர்ந்து வந்திருந்தால் டிபிஎஸ்ஸை உடனே மாற்ற வேண்டாம். பல வண்டிகளில் டிபிஎஸ், மேப், ஏசி பிரஷர் சென்சார் மூன்றுக்கும் 5 வோல்ட் ஒரே இடத்திலிருந்து போகிறது. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் வோல்டேஜ் விழும். ஏசி சென்சார் பெரும்பாலும் முன்பக்கம் ரேடியேட்டர் அருகே, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

லைவ் டேட்டாவில் த்ராட்டில் மூடியிருக்கும்போது 12 என்று காட்டினால் பயப்பட வேண்டியதில்லை. 0.6 வோல்ட் என்பது 5 வோல்ட்டில் 12 சதவீதம், அவ்வளவுதான். முழு ஆக்சிலரேட்டருக்கு 85, 90 காட்டுவதும் சரியே. எண் எவ்வளவு என்பதைவிட, மிதியை மெதுவாக அழுத்தும்போது அது தடைபடாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆப்பில் பத்து விவரங்களைச் சேர்த்து வைத்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கும். த்ராட்டில் ஒன்றை மட்டும் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும்.

ஸ்கேனரின் குறை, அது இசியு கண்ணால் பார்ப்பதை மட்டுமே காட்டும் என்பது. வயர் அறுந்தாலும் சென்சார் செத்தாலும் அதற்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு, சில வண்டிகளில் கோடு விழுந்தபின் இசியு தானாக ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொள்ளும். அதை நம்பினால் வழி தப்பும்.

இனி மீட்டர். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டிசி 20 வோல்ட் ரேஞ்ச். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கனெக்டர் மாட்டியபடியே இருக்க வேண்டும். மெல்லிய ஊசியை கனெக்டரின் பின்புறம் ரப்பர் சீலை ஒட்டி உள்ளே விட்டுத் தொடுங்கள். வயரின் மேல்தோலைக் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் அது தப்பிக்கலாம், குளச்சலிலோ முட்டத்திலோ நிற்கும் வண்டியில் அந்த ஓட்டை வழியாக உப்புக்காற்று இறங்கி வயர் உள்ளுக்குள் பச்சையாக அரித்துவிடும்.

கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து மூன்று வயரையும் பாருங்கள். முதல் வயரில் 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். எர்த் வயரில் 0.05 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சிக்னல், மூடியபோது 0.4 முதல் 0.9 வரை. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இங்கேதான் கடலோர வண்டி ஆளை ஏமாற்றும். எர்த் 0.00, 5 வோல்ட் வயர் 5.00, இரண்டும் சுத்தம். ஆனால் சிக்னல் 0.88 காட்டுகிறது, மேனுவல்படி 0.55 இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சென்சார் போச்சு என்றுதான் சொல்வார்கள். கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: எர்த் பின்னின் அடியில் மிளகளவு பச்சைக் களிம்பு, ரப்பர் சீலின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. ஊசி தொட்டது வயர் பக்கத்து முனையை. களிம்பு இருப்பதோ அந்த முனைக்கும் சென்சாரின் பின்னுக்கும் நடுவில். அதனால் மீட்டருக்கு அது தெரியவே இல்லை. 5,000 ஓம் சென்சாருக்கு எர்த்தில் 400 ஓம் களிம்பு சேர்ந்தால் சென்சாரின் அடிமட்டமே 0.37 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அதன்மேல்தான் மற்ற எல்லா அளவும் நிற்கிறது. 0.55 வர வேண்டிய இடத்தில் 0.88 வருவது இப்படித்தான். கால் எடுத்தபிறகும் ஆக்சிலரேட்டர் லேசாக மிதிபட்டிருக்கிறது என்று இசியு நினைக்கும். ஆர்பிஎம் இறங்காது, அல்லது ஐடில் (மிதியைத் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி ஆடும்.

அதனால் சிக்னல் தப்பாக இருந்தால் சென்சாரைக் குறை சொல்லும் முன் கனெக்டரைச் சுத்தம் செய்து மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய நைலான் பிரஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போடாதீர்கள். பின்மேல் இருக்கும் வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாக அரிக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சோதனை உண்டு. காய்ந்ததும் ரப்பர் சீலில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். எஞ்சின் அறைக்குள் பிரஷர் வாஷ் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுவது நல்லது.

மீட்டருக்கும் ஒரு எல்லை உண்டு. டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். கார்பன் பட்டை தேய்ந்து ஒரு கணம் மட்டும் சிக்னல் விழுந்தால் பிடிபடாது. ஆஸிலோஸ்கோப் இருந்தால் த்ராட்டிலை மெதுவாகத் திறக்கும்போது கோட்டில் ஒரு பள்ளம் அப்படியே தெரியும். துல்லியத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறைத் தவிர வேறெதற்கும் அது தேவையில்லை. அது இல்லாத ஒர்க்ஷாப்பில் பழைய முள் மீட்டர் போதும், முள் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். தேய்மானம் எங்கே இருக்கும் என்பது ஓட்டும் பாதையைப் பொறுத்தது. வடசேரி, கோட்டாறு நெரிசலில் தினம் ஊர்ந்து போகும் வண்டியில் ஐடிலுக்குச் சற்று மேலே பட்டை தேயும். காவல்கிணறு நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போய்வரும் வண்டியில் அந்த வேகத்துக்கான இடத்தில் தேயும். ஜெர்க் எந்த வேகத்தில் வருகிறது என்று ஓட்டுபவரிடம் கேட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

ஓம் அளந்து பார்ப்பது மூன்று வயர் சென்சாருக்கு மட்டும் ஓரளவு பயன்படும். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் உரசாத வகை சென்சார்கள் நிறைய வந்துவிட்டன, அவற்றில் ஓம் அளவுக்கு அர்த்தமே இல்லை.

வேறு வண்டியின் சென்சாரை மாட்டிப் பார்ப்பது வேகமான வழிதான். ஆனால் கழற்றி மாட்டும்போதே களிம்பு உரசிப் போய் கோளாறு மறைந்துவிடும், பழி பழைய சென்சார் மேல் விழும். மேலும் ஸ்க்ரூ துளை நீளமாக இருக்கும் வகையில் சென்சாரை லேசாகத் திருப்பி மூடிய வோல்டேஜை சரிசெய்ய வேண்டும். அதற்காக, தட்டு எதுவரை மூட வேண்டும் என்று நிறுத்தும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவில் கை வைக்கக் கூடாது.

அடுத்து, த்ராட்டில் பாடியை (தட்டு இருக்கும் கூட்டை) சுத்தம் செய்தால் போதுமா என்ற கேள்வி. பி0122, பி0123 இரண்டும் வோல்டேஜ் கோடுகள். கரி பிடித்ததால் அவை வராது, சுத்தம் செய்து போகவும் போகாது. ஐடில் ஆட்டம், பி0121 (அளவு பொருந்தாமை), பி2111, பி2112 (தட்டு சிக்கிக்கொள்வது) போன்றவற்றுக்குச் சுத்தம் செய்து பார்ப்பதில் நியாயம் உண்டு. த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராகப் பீய்ச்சினால் ஷாஃப்ட் வழியாகச் சென்சாருக்குள் போகும். எலக்ட்ரானிக் வகையில் சாவி ஆனில் விரலை உள்ளே விடவே விடாதீர்கள், தட்டு பட்டென்று மூடும். தட்டைக் கையால் அழுத்தித் திறந்தால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் கியரும் உடையலாம்.

கேபிள் வகையில் சென்சார் தனியாகக் கிடைக்கும், இரண்டு ஸ்க்ரூதான். கடலோர வண்டியில் அந்த ஸ்க்ரூ அலுமினியத்தோடு ஒட்டிப் போயிருக்கும். முந்தின நாள் மாலையே துருநீக்கி ஆயில் விட்டு வைத்தால் தலை வழுக்காது. எலக்ட்ரானிக் வகையில் பெரும்பாலும் முழு த்ராட்டில் பாடியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பழைய சாமான் கடையில் எடுப்பதானால் பார்ட் நம்பர் அப்படியே பொருந்த வேண்டும். கனெக்டர் ஒன்றுபோல இருந்தும் சிக்னல் ஏறும் திசை தலைகீழாக இருக்கக்கூடும். மாட்டியபின் ஐடில் லேர்னிங் (தட்டு மூடிய நிலையை இசியுவுக்குப் பழக்குவது) செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சிலவற்றில் சாவியைக் குறிப்பிட்ட நேரம் ஆனில் வைத்து ஆஃப் செய்தால் போதும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும், முறை அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும்.